அட்டவணைப் பெயரும் மேற்கோட்குறியும்

தோற்றுவாய்

பொருளை அறிதற்குக் கருவியாய் நிற்பது பெயர். பெயர் ஒன்றேயாயினும், அதனை எழுதுவோர் கைக்கேற்ப அது சிறிது வேறுபடுதல் உலகத்து இயல்பு. ஒருவர் ‘சுப்பிரமணியம்’ என்றும், மற்றொருவர் ‘சுப்ரமண்யம்’ என்றும் உறைமேல் எழுதினும், அஞ்சற்காரர் இரு கடிதங்களையும் ஒரே வீட்டிற் சேர்ப்பித்துவிடுகின்றார். எழுத்து வேறுபட்டும் ஆள் வேறுபடவில்லை என்பதை அவர் அறிவு உணர்கின்றது. பழைய ஏட்டுச் சுவடிகளிலோ இதற்கு மறுதலையான நிலை இருந்தது. மெய்யெழுத்தின்மேற் புள்ளி பெரும்பாலும் இடப்பெறாது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒருவடிவினவாய் நின்றன. வடிவு ஒன்றாய் ஒலி இரண்டாய் நின்ற அவ்விடங்களில், படிப்போர் முன்பின் நோக்கிப் பொருள் தெளிந்தனர். அவ்விடர் குறையும்படி 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தத்தைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர்.

மனிதனுக்குரிய இவ்வுணர்வு கணிப்பொறிக்கு இல்லை. அதற்கு எழுத்தென்பது ஓர் எண். எண் மாறினால் எழுத்து மாறிற்று. எழுத்து மாறினால் பெயரும் மாறிற்று. இக்காலத்திற் கல்லூரியின் மதிப்பெண் பதிவும், சம்பளக் கணக்கும், நூலகப் பட்டியலும், மருத்துவமனையில் நோயாளர் குறிப்பும் தரவுத்தளங்களிலேயே வைக்கப்படுகின்றன. அங்கே ஓரெழுத்தின் பெருமை சிறுமையால், உள்ள பதிவு இல்லையென்று சொல்லப்படுதலும், ஒன்றாக இருக்கவேண்டிய கணக்கு இரண்டாகப் பிரிதலும் நிகழ்கின்றன. இஃது எவ்வாறு நிகழ்கின்றதென்பதையும், இதனைத் தவிர்க்கும் நெறியையும் ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கம்.

“இஃது இயந்திர நூலார்க்குரிய செய்தியன்றோ? தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவதென்னை?” என்று நண்பர் சிலர் வினவலாம். சுவடிப் பட்டியலும், சொல்லகராதியும், கல்வெட்டுத் தொகுதியும் இனிமேல் இத்தகைய அட்டவணைகளிலேயே தொகுக்கப்படும். தொகுப்போர் நம்முள்ளும் இருப்பர். ஆதலின் இது நமக்கும் உரியதே.

எழுத்தின் இரு வடிவு

தமிழெழுத்திற் பெரியது சிறியது என்னும் வடிவுப் பாகுபாடு இல்லை. உரோமன் எழுத்திலோ ஒவ்வோரெழுத்துக்கும் பேரெழுத்தென்றும் சிற்றெழுத்தென்றும் இரண்டு வடிவுகள் உள. கல்லிற் பொறித்த பழைய உரோமன் எழுத்துக்களின் வழியிற் பேரெழுத்தும், பின்னாளிற் சுவடியெழுதுவோர் விரைவின்பொருட்டு அமைத்த வடிவுகளின் வழியிற் சிற்றெழுத்தும் வந்தன. அச்சுக்கோப்போர் பேரெழுத்துக்களை மேற்பெட்டியிலும், சிற்றெழுத்துக்களைக் கீழ்ப்பெட்டியிலும் இட்டு வைத்தனர். ஆங்கிலத்தில் இவ்விரு வடிவுகட்கும் வழங்கும் பெயர்கள் அப்பெட்டிகளினின்றே பிறந்தன.

கணிப்பொறி தோன்றிய தொடக்ககாலத்துப் பொறிகள் பல பேரெழுத்தை மட்டுமே அறிந்தன. எழுத்துக்களை எண்ணாற் குறிப்பதற்கு அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டு வகுத்த ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டு முறையிலும் சிற்றெழுத்துக்கு முதலில் இடம் வகுக்கப்படவில்லை. 1967-ஆம் ஆண்டின் திருத்தத்திலே அவை வகுக்கப்பட்டன. அம்முறையில் ‘ஏ’ என்னும் பேரெழுத்துக்கு எண் 65. அதே எழுத்தின் சிறுவடிவுக்கு எண் 97. ஏனைய எழுத்துக்களுக்கும் இடைவேறுபாடு இவ்வாறே 32 ஆகும். மனிதர் கண்ணுக்கு ஓரெழுத்தின் இரு வடிவாய்த் தோன்றுவன பொறிக்கு இரு வேறு எண்களாய் நிற்பதன் காரணம் இதுவே. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளவேண்டுமாயின், அவ்வாறு கொள்க என்று யாரேனும் விதி வகுத்துப் பொறிக்குச் சொல்லவேண்டும். அவ்விதியை வகுத்தோர் பலராதலின் விதிகளும் பலவாயின.

மொழியும் அதன் நியமமும்

தரவுகளை அட்டவணை வடிவில் வைத்து ஆளும் முறைக்கு அடிப்படையிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் காட் என்பவர். அவரது கட்டுரை வெளியானது 1970-ஆம் ஆண்டு. அக்கொள்கையைப் பின்பற்றி, அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவரும் 1974-ஆம் ஆண்டில் வினாமொழி ஒன்றை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சீக்குவெல்’. அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாய் இருந்தமையின், பின்னர் ‘எஸ்.க்யூ.எல்.’ எனச் சுருக்கப்பட்டது. பெயரால் வரும் இடரைப் பேசப்புகுந்த நமக்கு, அம்மொழியே பெயர் மாற நேர்ந்தது நினைக்கத்தக்கது. 1986-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிறுவனமும், 1987-ஆம் ஆண்டு அனைத்துலகத் தரநிறுவனமும் இதற்குப் பொது நியமம் வகுத்தன. 1992-ஆம் ஆண்டில் அந்நியமம் பெரிதும் விரிக்கப்பட்டது.

இம்மொழியில் அட்டவணைக்கு ஒரு பெயர் உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர் உண்டு. ‘கிரியேட் டேபிள்’ என்னுங் கட்டளையால் அட்டவணை பிறக்கின்றது. ‘செலக்ட்’ என்பதனால் அதிலுள்ள வரிகள் எடுத்துக் காட்டப்படுகின்றன. ‘டிலீட்’ என்பதனால் அவை நீக்கப்படுகின்றன. இக்கட்டளைச் சொற்களைப் பேரெழுத்தில் எழுதினும் சிற்றெழுத்தில் எழுதினும் வேறுபாடில்லை. ஐயம் எழுவதெல்லாம் நாம் இடும் பெயர்களைப் பற்றியே.

இருவகைப் பெயர்

நியமத்தின்படி பெயர் இருவகைப்படும். ஒன்று, குறியின்றி எழுதப்படும் பெயர். மற்றொன்று, இரட்டை மேற்கோட்குறிக்குள் எழுதப்படும் பெயர். குறியின்றி எழுதிய பெயரைப் பொறி முழுவதும் பேரெழுத்தாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். குறிக்குள் எழுதிய பெயரை எழுதியவாறே கொள்ளல் வேண்டும்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து மாறுதலின்றி நிற்பதை இயல்பு என்றும், தோன்றல் திரிதல் கெடுதல் என்னும் மாறுதல் எய்துவதை விகாரம் என்றும் கூறுவோம். குறியிலாப் பெயர் பொறிக்குட் புகும்போது திரிதலென்னும் விகாரத்தை எய்துகின்றது. மேற்கோட்குறி பெற்ற பெயரோ அக்காப்பினால் விகாரம் எய்தாது இயல்பாய் நிற்கின்றது.

மாணவரைக் குறிக்கும் ‘ஸ்டூடண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு எழுத்து ஏழு. ஏழும் சிறியனவாய் எழுதலாம். ஏழும் பெரியனவாய் எழுதலாம். முதலெழுத்து மட்டும் பெரிதாய் எழுதலாம். குறியின்றி எழுதின், நியமப்படி இம்மூன்றும் ஏழு பேரெழுத்தாலாகிய ஒரே பெயராய் முடியும். குறிக்குள் எழுதினோ மூன்றும் மூன்று பெயர்களாம். மூன்று வேறு அட்டவணைகளுக்கு அவற்றை இடுதலும் கூடும்.

இக்குறியினால் வேறு பயன்களும் உள. பெயரின் நடுவே வெற்றிடம் வேண்டுமாயினும், கட்டளைச் சொல்லாகவே மொழியில் ஒதுக்கப்பட்ட ‘ஆர்டர்’, ‘குரூப்’ போன்றவற்றைப் பெயராக இடவேண்டுமாயினும் குறி இன்றியமையாதது. பெயருக்குள்ளேயே இரட்டை மேற்கோட்குறி வரவேண்டுமாயின் அதனை இருமுறை அடுக்கி எழுதவேண்டும்.

ஈண்டு ஒன்றை மறவாது கொள்ளல் வேண்டும். இரட்டை மேற்கோட்குறி பெயருக்கு உரியது; ஒற்றை மேற்கோட்குறி பத்தியுள் வைக்கப்படும் சொற்றொடருக்கு உரியது. இவ்விரண்டும் மயங்குமிடத்து வரும் கேடு பெரிது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வழக்கு வேறுபாடு

நியமம் ஒன்றாயினும் வழக்கு ஒன்றாகவில்லை. பெரிதும் பயிலும் தரவுத்தளங்கள் சிலவற்றின் வழக்கைத் தனித்தனி நோக்குவோம்.

ஆரக்கிள், ஐ.பி.எம்.மின் டிபி-2 என்னும் இரண்டும் நியமத்தை ஒட்டியன. குறியிலாப் பெயரை இவை பேரெழுத்தாக மாற்றுகின்றன. ஆதலின் ஆரக்கிளில் குறியின்றி ஆக்கிய அட்டவணையைக் குறிக்குள் எழுதி அழைக்கவேண்டுமாயின் ஏழெழுத்தையும் பெரிதாகவே எழுதவேண்டும். எல்லா அட்டவணைகளின் பெயரையும் தாங்கிய உட்பட்டியலிலே தேடுவோரும், ஒற்றைக் குறிக்குள் பேரெழுத்தாகவே பெயரை எழுதவேண்டும். சிற்றெழுத்திலே தேடின் ஒரு வரியும் கிடையாது. என்னை? அங்கே அது பெயராக நில்லாது ஒரு சொற்றொடராக நிற்கின்றது. சொற்றொடர் விகாரம் எய்துவதில்லை.

போஸ்ட்கிரெஸ்-எஸ்.க்யூ.எல். என்பது கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியின் வழிவந்தது. இப்பெயரை 1996-ஆம் ஆண்டிற் பெற்றது. இது குறியிலாப் பெயரைச் சிற்றெழுத்தாக மாற்றுகின்றது. இது நியமத்திற்கு மாறுபட்டதென்பதை அதன் கையேடே ஒளியாது கூறி, ஒரு பெயருக்கு எப்பொழுதும் குறியிடுக, அன்றேல் ஒருபொழுதும் குறியிடாதொழிக என்று அறிவுறுத்துகின்றது.

மை-எஸ்.க்யூ.எல்.-இன் நிலை வேறு. இது அட்டவணையை வட்டிலே ஒரு கோப்போடு இணைத்து வைக்கும் வழக்கினது. ஆதலின் அட்டவணைப் பெயரின் எழுத்து வேறுபாடு, பொறியை ஆளும் இயங்குதளத்தைப் பொறுத்ததாயிற்று. லினக்ஸ் தளத்தில் பெரியதும் சிறியதும் வேறு. விண்டோஸ் தளத்தில் இரண்டும் ஒன்று, பெயரும் சிற்றெழுத்தாகவே சேமிக்கப்படும். பத்திப் பெயர்களிலோ எத்தளத்திலும் இவ்வேறுபாடு கொள்ளப்படுவதில்லை. பெயரைக் காக்க இது கொள்ளுங் குறியும் இரட்டை மேற்கோட்குறி அன்று. இடப்புறம் சாய்ந்த தனிக்குறியாகும். இரட்டை மேற்கோட்குறிக்குள் வருவதை, வேறு கட்டளை இட்டாலன்றி, இது சொற்றொடராகவே கொள்ளும்.

மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில், எழுத்துக்களை ஒப்பிடுதற்கு வகுத்த ஒழுங்கைப் பொறுத்துப் பெயர் ஒன்றாதலும் வேறாதலும் அமையும். இது பகர அடைப்பையும் பெயர்க்குறியாகக் கொள்ளும். குறியிடுதலால் எழுத்து வேறுபாடு இங்கே பிறப்பதுமில்லை, நீங்குவதுமில்லை.

எஸ்.க்யூ.லைட் என்னும் சிறிய தரவுத்தளம் நமது கைப்பேசிகளிலும் உள்ளது. இதில் உரோமன் எழுத்திற் பெரியதும் சிறியதும், குறிக்குள்ளும் வெளியும், ஒன்றே. எனினும் இதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. இரட்டை மேற்கோட்குறிக்குள் எழுதிய பெயர் எப்பத்தியோடும் பொருந்தாவிடின், பிழையென்று சொல்லாமல் அதனைச் சொற்றொடராகக் கொண்டு மேற்செல்லும். இக்குணத்தை நீக்கிவைக்கும் வாயிலும் 2019-ஆம் ஆண்டிலிருந்து அதில் அமைந்துள்ளது.

வரும் கேடுகள்

இனி, இவ்வேறுபாட்டால் விளையும் இடர்களை ஒரு கல்லூரிப் பதிவேட்டை உதாரணமாகக் கொண்டு விளக்குவோம். அவை ஒன்றினும் ஒன்று கொடியனவாய் மூன்று படியில் நிற்கின்றன.

முதற்படி, உள்ளது இல்லையெனப்படுதல். ஒரு மென்பொருள், போஸ்ட்கிரெஸ் தளத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கி, இரட்டைக் குறியும் இட்டு மாணவர் அட்டவணையை ஆக்குகின்றது. பின்னர் எழுத்தர் ஒருவர் அதே எழுத்துக்களை அதே வடிவிற் குறியின்றி எழுதி வினவுகின்றார். பொறி அவர் எழுதியதை ஏழு சிற்றெழுத்தாக மாற்றிக்கொண்டு, அப்பெயருடைய அட்டவணை இல்லையென்று விடை கூறுகின்றது. அவர் கண்ணெதிரே அட்டவணையின் பெயர் திரையில் நிற்கின்றது. பொறியோ இல்லை என்கின்றது. இவ்விடர் மனத்தை வருத்துமாயினும் கேடு சிறிது. பொறி வாய்திறந்து பிழையைச் சொல்லிவிட்டமையின், ஆராய்ந்து திருத்த இடமுண்டு. விண்டோஸ் தளத்தில் ஓடிய மை-எஸ்.க்யூ.எல். நிரல் லினக்ஸ் தளத்திற்கு மாற்றப்பட்ட அன்றே அட்டவணை காணவில்லையென்று நின்றுவிடுதலும் இவ்வகையினதே.

இரண்டாம்படி, ஒன்று இரண்டாதல். எழுத்தர் எழுதிய நிரலில், இப்பெயருடைய அட்டவணை இல்லையாயின் புதிதாக ஆக்குக என்னும் கட்டளை முதலில் நிற்பதாகக் கொள்வோம். இது பெரிதும் பயிலும் வழக்கமே. பொறி ஏழு சிற்றெழுத்துப் பெயரைத் தேடும், காணாது, வெறுமையான புதிய அட்டவணை ஒன்றை ஆக்கிவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. அன்று முதல் மென்பொருள் ஓர் அட்டவணையிலும், எழுத்தரின் நிரல் மற்றோர் அட்டவணையிலும் எழுதிவரும். கட்டணம் செலுத்திய மாணவன் ஒன்றிலே செலுத்தியவனாகவும், மற்றொன்றிலே செலுத்தாதவனாகவும் நிற்பான். அவன் தேர்வுச் சீட்டுக்கு வந்து நிற்கும் நாளில், அவன் கையில் உள்ள பற்றுச்சீட்டை நம்புவதா, திரையை நம்புவதா என்னும் வினா எழும். இரண்டு பதிவுகளும் பொய்யல்ல, பெயரொன்றே இரண்டாயிற்று.

மூன்றாம்படி, இருப்பது அழிதல். மதிப்பெண் அட்டவணையில் ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ என்னும் பத்தி உள்ளது. 2020-ஆம் ஆண்டுக்குரிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்க விரும்பிய ஒருவர், ‘இயர்’ என்பது 2020-க்கு வேறாயின் அவ்வரியை நீக்குக என்று ‘டிலீட்’ கட்டளை எழுதுகின்றார். பத்திப் பெயருக்கு இரட்டைக் குறியும், 2020 என்பதற்கு ஒற்றைக் குறியும் இடுகின்றார். போஸ்ட்கிரெஸில் அப்பத்தி சிற்றெழுத்தால் ஆக்கப்பட்டு, கட்டளையிலும் அவ்வாறே எழுதப்பட்டிருப்பின் இது பிழையின்றி நடக்கும். அதே கட்டளையை இயல்பு நிலையிலுள்ள மை-எஸ்.க்யூ.எல்.-இல் இடின், இரட்டைக் குறிக்குள் இருப்பது பத்தியன்று, நாலெழுத்துச் சொற்றொடர் எனக் கொள்ளப்படும். அச்சொற்றொடர் 2020 என்பதற்குச் சமமா என்று ஒவ்வொரு வரியிலும் பொறி வினவும், ஒருவரியிலும் சமமாகாது, ஆதலின் எல்லா வரிகளும் நீக்கப்படும். எஸ்.க்யூ.லைட் தளத்திலோ, பெயரைச் சரியாக எழுதினால் தீங்கில்லை. ஓரெழுத்துப் பிறழ எழுதினால் இதே அழிவு நேரும். பொறி ஏவியதைச் செய்தது. ஏவியவர் கருதியது வேறு.

இவ்வினத்தைச் சேர்ந்ததாய், தீங்கு சிறிதாயினும் அறியத்தக்க ஒன்றும் உண்டு. பயனாளரைக் குறிக்கும் ‘யூசர்’ என்பது போஸ்ட்கிரெஸில் ஒதுக்கப்பட்ட சொல். அப்பெயரால் ஓர் அட்டவணையைக் குறியிட்டு ஆக்கியவர், பின்னர்க் குறியின்றி அதிலுள்ளவற்றைக் காட்டுக என்று வினவினால், பிழைச்செய்தி வாராது. அப்பொழுது தளத்தினுட் புகுந்திருப்பவரின் பெயர் ஒன்று மட்டும் விடையாய் வரும். வினாவுக்கு விடை வாராமையினும், வேறொரு வினாவுக்குரிய விடை வருதல் கொடிது.

துருக்கி மொழியின் ஐகாரப் புள்ளி

“எல்லாத் தளங்களும் பெரியதையும் சிறியதையும் ஒன்றாகவே கொண்டுவிட்டால் இவ்விடர் ஒழியாதோ?” எனின், அதுவும் அத்துணை எளிதன்று. துருக்கி மொழி உரோமன் எழுத்தையே கொண்டது; ஆயினும் ஆங்கிலத்தில் ‘ஐ’ என வழங்கும் எழுத்து அதிற் புள்ளியுடையது, புள்ளியில்லாதது என இரண்டெழுத்தாக நிற்கின்றது. புள்ளியில்லாத பேரெழுத்தின் சிறுவடிவும் அங்கே புள்ளியில்லாததே. ஆதலின் துருக்கி விதிப்படி எழுத்தை மாற்றும் பொறியில், ஆங்கிலச் சொல்லின் பேரெழுத்து வேறொரு சிற்றெழுத்தாய் முடியும். இதனை அஞ்சியே போஸ்ட்கிரெஸ் நூலார், ஆஸ்கி எழுத்துக்களை மட்டும் எம்மொழிச் சூழலிலும் ஒரே விதியால் மாற்றும்படி அமைத்தனர். ஒரு மொழிக்கு இயல்பாய் நின்ற விதி மற்றொரு மொழிக்கு வழுவாய் முடிதலுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழ்ப்பெயர் இடலாமோ?

தமிழில் இருவடிவு இன்மையின், அட்டவணைக்குத் தமிழ்ப்பெயரே இட்டுவிட்டால் இவ்விடர் முழுதும் ஒழியுமன்றோ? போஸ்ட்கிரெஸ் தளத்தில் தமிழ்ப்பெயரை மேற்கோட்குறியின்றியே இடலாம். எழுத்துத் திரிபும் நிகழாது. எனினும் தமிழுக்குத் தனியே இரண்டு இடர்கள் உள.

ஒன்று, நீளம். அத்தளத்திற் பெயருக்குரிய உயரளவு 63 பைட்டு. உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டுப் போதும். யூ.டி.எஃப்-8 முறையிலே தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ஆகவே 21 குறியீடுகளுக்கே இடமுண்டு. ‘முன்னாள்மாணவர்பெயர்ப்பதிவேடு’ என்று ஓர் அட்டவணைக்குப் பெயரிட்டால், அதன் குறியீடு 28, பைட்டு 84. பொறி ஓர் அறிவிப்போடு பெயரின் இறுதியை வெட்டி ‘முன்னாள்மாணவர்பெயர்ப்’ என்னும் அளவிலே நிறுத்திவிடும். பின்னர் ‘முன்னாள்மாணவர்பெயர்ப்பட்டியல்’ என்று மற்றொன்றை ஆக்கப்புகின், அதுவும் அவ்விடத்திலேயே வெட்டுண்டு, அப்பெயருடைய அட்டவணை முன்னரே உண்டென்று மறுக்கப்படும். இரு பெயர்கள் கெடுதல் விகாரத்தால் ஒரு பெயராயின என்க.

மற்றொன்று, ஒரே தோற்றத்திற்கு இரு குறியீடு. ‘கொடை’ என்னும் சொல்லிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம். எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகிய இரண்டை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே தோற்றம். யூனிக்கோடு நியமமும் இரண்டையும் நிகரென்றே கூறும். தளமோ பெயரைப் பைட்டு பைட்டாக ஒப்பிடுதலின், அவற்றை இரண்டு பெயர்களாகவே கொள்ளும். ஔகாரக் குறியின் பின்னுறுப்புக்கு ஈடாக ளகர எழுத்தையே தட்டுவோரும் உளர். அங்கும் கண் ஒன்றென்பதைப் பொறி வேறென்னும். பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாட்டைக் கண்ணாலாவது காணலாம். இதனைக் கண்ணாலும் காண்டல் அரிது. ஆதலின், தமிழெழுத்து இவ்வகை இடருக்குப் புறம்பானதென்று இறுமாத்தல் கூடாது.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் கீழ்வரும் நெறிகள் பெறப்படும்.

முதலாவது, அட்டவணைப் பெயரும் பத்திப் பெயரும் முழுவதும் சிற்றெழுத்தாலேயே எழுதுக. இரு சொற்களை இணைக்க அடிக்கோட்டைப் பயன்படுத்துக. அத்தகைய பெயரைக் குறியின்றி ஆக்கி, குறியின்றியே அழைத்தால், அஃது ஆரக்கிளிற் பேரெழுத்தாகத் திரியினும், போஸ்ட்கிரெஸிற் சிறிதாகவே நிற்பினும், லினக்ஸ் தளத்து மை-எஸ்.க்யூ.எல்.-இல் எழுதியவாறே கொள்ளப்படினும், எங்கும் தவறாது கிடைக்கும்.

இரண்டாவது, ஒரு பெயருக்கு எப்பொழுதும் குறியிடுக. அன்றேல் ஒருபொழுதும் இடாதிருக்க. இவ்விரண்டும் கலத்தலே பிழைக்கு வாயில். நாம் கொண்ட மென்பொருள் தானே குறியிடும் இயல்பினதாயின், அதனை முன்னரே அறிந்து நம் நிரலை அதற்கு ஒத்தமைத்துக்கொள்க.

மூன்றாவது, சொற்றொடருக்கு ஒற்றைக் குறியன்றி வேறு குறி இடாதொழிக. நீக்குங் கட்டளையை இடுமுன், அதே நிபந்தனையோடு காட்டுங் கட்டளையை இட்டு, நீங்கப்போகும் வரிகள் எவையெனக் கண்ணாற் காண்க. இச்சிறு வழக்கம் ஓராண்டின் மதிப்பெண் பதிவைக் காக்கவல்லது.

நான்காவது, ஒதுக்கப்பட்ட சொற்களைப் பெயராகக் கொள்ளற்க. பொருள் குன்றாத வேறு சொல் எளிதிற் கிடைக்கும்.

ஐந்தாவது, நிரலை எத்தளத்தில் இறுதியாக ஓட்டவிருக்கின்றோமோ அதே வகைத் தளத்திலேயே சோதிக்க. மை-எஸ்.க்யூ.எல்.-இல் எல்லாப் பொறிகளிலும் பெயரைச் சிற்றெழுத்தாகக் கொள்ளச் செய்யும் அமைப்பு உண்டு. ஆயின் அதன் 8.0 பதிப்பிலே, தளத்தை முதன்முதல் நிறுவும்போது மட்டுமே அதனை வகுக்க இயலும். பின்னர் நினைந்து வருந்துதல் பயனில்லை.

ஆறாவது, தமிழிற் பெயரிடுவோர் பெயரைச் சுருக்கமாக இட்டு, ஒரே தட்டச்சு முறையால் எழுதுக. அட்டவணையின் பெயர் உரோமன் எழுத்தில் இருப்பினும், அதனுள் வைக்கும் செய்தி தமிழாகவே இருத்தற்குத் தடையொன்றும் இல்லை.

முன்னரே பிழைபட்டு நிற்கும் பெயர்களுக்கும் தீர்வு உண்டு. ‘ஆல்டர் டேபிள்’ என்னுங் கட்டளையால், குறிக்குள் நிற்கும் பழைய பெயரைக் குறிவேண்டாத சிற்றெழுத்துப் பெயராக மாற்றிவிடலாம். அதற்கு முன் அப்பெயரை வழங்கும் நிரல்களையெல்லாம் தேடித் திருத்தல் வேண்டும். இரண்டாகப் பிரிந்த அட்டவணை உளதாயின், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பின்னரே பெயர் மாற்றல் வேண்டும்.

முடிவுரை

சுவடி ஒப்பு நோக்கும் புலவர், ஒரு பாடத்தில் ஓரெழுத்து வேறுபடின், அவ்வேறுபாடு பொருளைத் தொடுவதா, எழுதினோர் கைப்பழக்கத்தால் வந்ததா என்று ஆராய்கின்றார். அவ்வாராய்ச்சி பொறியால் ஆவதன்று. பொறி செய்யவல்லது, தனக்கு வகுத்த விதியை வழுவாது நடத்தல் ஒன்றே. அவ்விதி யாது, அது தளந்தோறும் எங்ஙனம் வேறுபடுகின்றது என்பவற்றை அறிந்து, பெயரிடுங்காலத்திலேயே எண்ணியிடுதல் மனிதர் கடன். பதிவேட்டில் நிற்கும் ஒவ்வொரு வரியும் ஒரு மாணவனது உழைப்பையோ, ஒரு குடும்பத்தின் பொருளையோ, ஒரு நோயாளியின் நலத்தையோ தாங்கி நிற்பது. அதனைக் காக்கும் பொறுப்பை மேற்கொள்வோர்க்கு மேற்கோட்குறியும் சிறிய பொருளன்று. எழுத்தைப் பேணுதலையே கல்வியின் முதற்படியாகக் கற்ற நம்மனோர்க்கு இக்கவனம் புதியதன்று; நாம் கற்றதனைப் புதியதோரிடத்தும் செலுத்துதலே வேண்டுவது.